ஸ்வெட்டருக்கு மேல் வைத்த ஸ்டெதஸ்கோப்

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். என் சாதனைகளைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவையெல்லாம் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கின்றன. லிஃப்டுக்காக நிற்கும்போது படித்துக்கொள்ளலாம். எங்கள் லிஃப்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு, இரண்டு முறை படிக்கவும் நேரம் கிடைக்கும் என்பது தெரியும். நான் சொல்லப்போவது சட்டம் போட்டு மாட்டாத ஒரு விஷயம்.

நான் குடல் நோய் மருத்துவன். ஊட்டியில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் எண்டோஸ்கோப்பி செய்தேன். நம் தொழிலைப் பற்றி நீங்கள் தடிமனான புத்தகங்களில் படித்திருப்பீர்கள். சுருக்கமாகச் சொன்னால் ஒரு குழாய்; அதன் ஒரு முனையில் கேமரா, மறு முனையில் அகங்காரம். நடுவில் நோயாளி படுத்திருப்பார்.

வாய் வழியாகக் குழாயை விட்டால் இரைப்பையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் பார்க்கலாம். கீழிருந்து விட்டால் பெருங்குடல் முழுவதும் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே இருபது அடி நீளத்துக்குச் சிறுகுடல் சுருண்டு கிடக்கிறது. ரத்தம் அங்கே கசிந்தால் மேலே பார்த்தாலும் சுத்தம், கீழே பார்த்தாலும் சுத்தம். நாம் 'இயல்பு' என்று எழுதி அனுப்புவோம். நோயாளி இயல்பாகப் போய், மூன்று மாதத்தில் வெளுத்துத் திரும்பி வருவார்.

இனி, நான் செய்த ஒரு கண்டுபிடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்டோஸ்கோப்பிக்கு வரும் ஒவ்வொருவருடைய இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதித்துக் கோப்பில் எழுத வேண்டும் என்பது விதி. இளம் டாக்டர்கள் எழுதுவதைக் கடவுளாலும் வாசிக்க முடியாது. தரம் பார்க்க வந்த குழு இதைக் குறையாகச் சொன்னது. நான் அன்றைக்கே சேரிங் கிராஸில் ஒரு கடைக்குப் போய் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்யக் கொடுத்தேன். "இதயம், நுரையீரல்: பரிசோதிக்கப்பட்டது. இயல்பு." கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. ஊதா மையில் குத்தினால் எழுத்து அத்தனை தெளிவாக விழும். அடுத்த முறை வந்த குழு அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனது. கண் பிரிவிலிருந்துகூட இரவல் கேட்டார்கள்.

ஸ்டாம்பைக் குத்துவதற்கு முன் பரிசோதனை என்று ஒன்று நடக்கத்தான் செய்தது. அது எப்படி என்பதை ஊட்டிக் குளிரை அறிந்தவர்களுக்கே விளங்கும். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் ஜூலை மாதம் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவிக்கை, அதன்மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் கையில்லாத இன்னொரு ஸ்வெட்டர், எல்லாவற்றையும் மூடி ஒரு சால்வை. அறையில் ஹீட்டர் போன வருஷமே பழுது. வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். இதையெல்லாம் கழற்றச் சொல்ல யாருக்கு மனம் வரும்? பாவம், குளிரும் என்று இரக்கப்பட்டு, கம்பளிக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை இரண்டு விநாடி வைத்து எடுப்போம். அந்த வகையில் நீலகிரியின் ஸ்வெட்டர்கள் அனைத்தும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாக எங்கள் கோப்புகள் சொல்கின்றன.

யோகம்மா என்னிடம் முதலில் வந்ததும் அப்படி ஒரு ஜூலையில்தான். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி, ஐம்பத்தைந்து வயது. சிலோன் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். வரிசை வீட்டை இன்றும் லயம் என்றுதான் சொல்வார். கணவரை மூன்று வருஷத்துக்கு முன் தேயிலைக்குள் காட்டெருமை முட்டி, கோல் ஊன்றி நடக்கும்படி ஆகிவிட்டது. ஒரே மகள் ஊட்டியில் காலேஜ் முதல் வருஷம். குடியிருந்த லயத்து வீடு யோகம்மாவின் வேலையோடு சேர்ந்தது. இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் இருந்தது. மகள் படித்து முடிக்கும்வரை அந்த வீடு வேண்டும், அதற்கு அவர் தினமும் காலையில் பெரட்டில், அதாவது எஸ்டேட்டில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில், போய் நிற்க வேண்டும். அவர் முதல் நாளே என்னிடம் சொன்னது இதைத்தான். நான் அதை நோய்க்குச் சம்பந்தமில்லாத விவரம் என்று எண்ணிக் கேட்டுக்கொண்டேன்.

மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறது, சரிவில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, சில நேரம் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றார். ரத்தம் பாதிகூட இல்லை. மேலே பார்த்தேன், சுத்தம். கீழே பார்த்தேன், சுத்தம். ரத்தம் ஏற்றி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகத்தான் போகும் என்று விளக்கினேன். என் விளக்கங்கள் எப்போதும் தெளிவாக இருக்கும். அதில் எனக்குப் பெயர் உண்டு.

பிறகு, கேமரா உள்ள மாத்திரையை விழுங்க வைத்துப் பார்த்தோம். சிறுகுடலின் மேற்பகுதியில் சிவப்புப் புள்ளிகள், ரத்தக் குழாய்கள் மெலிந்து புடைத்த இடங்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொருவரின் குடலில் ஓட்டையைக் கண்டு மகிழும் தொழில் இது, பழகிக்கொள்ளுங்கள். நீளமான குழாயை வாய் வழியாக விட்டு, எட்டிய தூரம் வரை போய், கண்ணில் பட்ட புள்ளிகளை ஆர்கான் வாயுவால் சுட்டேன். லேசான மயக்க மருந்தை நானே கொடுத்துவிட்டேன். கோப்பில் ஊதா ஸ்டாம்ப் விழுந்தது. வெளியே போகும் சீட்டில் 'குணமடைந்தார்' என்று எழுதினேன்.

நான்கு மாதம் கழித்து மறுபடி கருப்பு. மறுபடி சுட்டேன், மறுபடி குணமடைந்தார். கோயம்புத்தூரில் நடந்த ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் யோகம்மாவை வெற்றிக் கதையாகத் திரையில் காட்டினேன். முன்னும் பின்னும் எடுத்த படங்கள், அம்புக்குறிகள் எல்லாம் போட்டுப் பேசினேன். கைதட்டல் வாங்கிக்கொண்டு மலையேறி வந்தால், வெற்றிக் கதை எங்கள் வார்டில் பதினோராம் கட்டிலில் ரத்தம் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தது. மூன்றாம் முறை சுட்டேன். அடுத்த வருஷம் நான்காம் முறை. நடுவில் ஒருநாள் கொழுந்து பறிக்கும்போதே மயங்கி விழுந்ததாகச் சொன்னார். ரத்தசோகை என்றேன். நெஞ்சை அடைப்பது போல இருக்கிறது என்றார். ரத்தசோகை என்றேன். போன மாதம் பூராவும் அரைப்பேர்தான் விழுந்தது என்றார். அரை நாள் வேலைக்குமேல் உடம்பு தாங்கவில்லை என்று பொருள். அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சிறுகுடல் முழுவதும் போய்ப் பார்க்கக்கூடிய, இரண்டு பலூன் வைத்த கருவியை ஒரு கம்பெனி எங்களுக்கு ஒரு நாள் காட்டிவிட்டுப் போவதாகச் சொன்னது. பலூன்களை மாற்றி மாற்றி ஊதி, குடலைப் பாவாடை நாடாவில் துணியைச் சுருக்குவது போல் சுருக்கிக்கொண்டே உள்ளே போகும் கருவி அது. யோகம்மாவுக்கு ஐந்தாம் முறை ரத்தம் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் கூடி வந்தது. டிரஸ்ட் தலைவர் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்: 'நீலகிரியில் முதன்முறையாக'. என் படம் பெரிதாக, கருவியின் படம் அதைவிடச் சிறிதாக. கூட்ட அறையில் திரை கட்டி, உள்ளே நடப்பதை அப்படியே காட்ட ஏற்பாடு. பொன்னாடைகளும் சமோசாவும் வந்து இறங்கின. நிருபர் ஒருவரும் வந்திருந்தார். கருவி மாலையில் மலையிறங்கிவிடும்.

இதற்கு முழு மயக்கம் வேண்டும். அதனால் மயக்க மருந்து டாக்டரை அழைக்க வேண்டியதாயிற்று. அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வாரத்தில் இரண்டு நாள் கோயம்புத்தூரிலிருந்து வருவார். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஆகாது. காரைவிட்டு இறங்கும்போது முகம் வெளிறியிருக்கும். பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டஞ்சாயா குடித்துப் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அதன்பிறகு, உலகத்திலேயே முதல் நோயாளியைப் பார்ப்பது போல ஒவ்வொருவரையும் பரிசோதிப்பார். திரையை இழுத்துவிட்டு, ஸ்வெட்டர்களைக் கழற்றச் சொல்லி, போர்வை போர்த்தி, ஒரு சின்ன வெந்நீர்ப் பையில் ஸ்டெதஸ்கோப்பைச் சூடாக்கிக்கொண்டு வைப்பார். ஸ்டெதஸ்கோப்புக்கும் குளிருகிறது போல என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவர் இருந்தால் வரிசை நகராது என்பதற்காகவே முன்பு நான்கு முறையும் மயக்கத்தை நானே கொடுத்திருந்தேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் கோபித்துக்கொள்வார். இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் இருந்தால் அது அவர்தான்.

அன்று திரைக்குப் பின்னால் போனவர் வரவே இல்லை. கூட்ட அறையில் ஆட்கள் உட்கார்ந்தாகிவிட்டது. கம்பெனி இன்ஜினியர்கள் பலூனை இரண்டு முறை ஊதிக் காட்டிவிட்டார்கள். தலைவர் கதவைத் தட்டி, இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று விசாரித்தார். நான் கையுறை போட்டபடி நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் திரையை விலக்கி அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்களே ஒருக்கா வந்து கேட்டுட்டுப் போங்க."

இதயத்தில் ஒரு ஒலி கேட்கிறது என்றார். ரத்தசோகையில் அது வரத்தானே செய்யும் என்று அங்கிருந்தே சொன்னேன். அந்த ஒலி கழுத்துவரை ஏறுகிறது, நாடி மெதுவாக எழும்புகிறது, இது ரத்தசோகை ஒலி இல்லை என்றார். சரி, கேட்டுத் தொலைப்போம் என்று ஸ்டெதஸ்கோப்பைத் தேடினேன். என்னுடையது கடைசியாக எங்கே இருந்தது என்று நினைவில்லை. ஃப்ளெக்ஸில் என் கழுத்தில் தொங்கியது மட்டும் நினைவிருந்தது. எண்டோஸ்கோப்பி அறையிலிருந்ததில் காதுக்கு வைக்கும் ஒரு பக்கம் காணாமல் போய் ஆறு மாதம் ஆகிறது என்று சிஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆறு மாதமாக யாரும் குறை சொல்லவில்லையாம்.

மயக்க மருந்து டாக்டருடைய ஸ்டெதஸ்கோப்பையே வாங்கி வைத்தேன். சூடாக இருந்தது. பலகையை ரம்பம் அறுப்பது போல, ஒவ்வொரு துடிப்புக்கும் கரகரவென்று ஒரு ஒலி. முதல் வருஷ மாணவனுக்குக் கேட்கும். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் காதில் வைத்தாலும் ஏதோ தப்பு என்று சொல்லியிருப்பான். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு இறுகிச் சுருங்கிப்போயிருந்தது. மயக்கமும் மூச்சு வாங்கலும் நெஞ்சடைப்பும் அதனால்தான். சிறுகுடல் கசிவுகூட அதனால்தான். குறுகிய வாசலைக் கடக்கும்போது, ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் சிதைந்துபோகும். குடலிலுள்ள புள்ளிகள் பிறகு நிற்காமல் கசியும். நான் இதைப் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

கோப்பைத் திறந்தேன். முதல் ஜூலையிலிருந்து ஐந்து சேர்க்கை, ஐந்து ஊதா ஸ்டாம்ப். பரிசோதிக்கப்பட்டது, இயல்பு. ஒன்றில்கூட எழுத்து கலையவில்லை.

அந்த நிமிஷத்தில் என் புத்தி எங்கே போயிற்று என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கும் ஒருநாள் அங்கேதான் போகும். வெளியே திரையும் தலைவரும் நிருபரும் காத்திருந்தார்கள். கருவி மாலையில் போய்விடும். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, அதுவும் உண்மைதான். முதலில் கசிவை நிறுத்துவோம், இதயத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஒரு நியாயம் உடனே முளைத்தது. லேசான மயக்கத்திலேயே முடித்துவிடலாம், நான்கு தடவை நானே கொடுத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே என்று வாய்விட்டே சொன்னேன்.

"அது உங்க திறமை இல்லீங்க சார். அந்தம்மாவோட அதிர்ஷ்டம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க செய்யறதுன்னா செய்யுங்க. நான் கேட்டதை என் கையால எழுதி வெச்சுட்டுத்தான் போவேன்."

இப்படி இறுகிய வால்வோடு இருப்பவருக்கு மயக்கத்தில் ரத்த அழுத்தம் சரிந்தால் மீட்பது கடினம். முந்தைய நான்கு முறையும் யோகம்மா என் மேஜையிலேயே போயிருக்கலாம். போயிருந்தால் ரத்தசோகை என்று எழுதியிருப்பேன், எல்லோரும் நம்பியிருப்பார்கள், நானும் நம்பியிருப்பேன். இதை எண்ணியபோதுதான் கையுறையைக் கழற்றினேன்.

கூட்ட அறைக்குப் போனேன். நோயாளியின் இதயத்தை இதுவரை நாங்கள் சரியாகக் கேட்டதில்லை, இன்றுதான் கேட்டோம், அதனால் இந்த நிகழ்ச்சி இல்லை என்று சொன்னேன். நிருபர், இதை எழுதுவதா வேண்டாமா என்ற குழப்பத்தில் பேனாவை மூடித் திறந்தார். தலைவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"ஏனுங்க டாக்டர், மெசினுல கோளாறுன்னு சொல்லியிருக்கலாமுங்களே."

இன்ஜினியர்கள் அதைக் கேட்டு அதிர்ந்துபோனார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தப் பொன்னாடைகளை அவர்களுக்கே போர்த்தினார்கள். சமோசாவில் மிச்சமில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. யோகம்மாவிடம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து பட்டினி கிடந்தவர், இன்றோடு தீர்ந்துவிடும் என்று நம்பிப் படுத்திருந்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்தில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. இன்றைக்குச் செய்யவில்லை என்றதும் அவர் முகம் மாறியது. அடுத்த வாரம் பெரட்டுக்குப் போகவில்லையென்றால் லீவு எல்லாம் முடிந்துவிடும், உடம்பு ஆகாது என்று எஸ்டேட்டில் கணக்கை முடித்துவிட்டால் லயத்தைக் காலி பண்ண வேண்டியதுதான், கால் முடியாத மனுஷனையும் காலேஜ் போகிற பிள்ளையையும் எங்கே கூட்டிக்கொண்டு போவேன் என்று கேட்டார். அவர் கணவர் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. நோய் இதயத்தில் இருக்கிறது, முதல் நாளே கண்டுபிடித்திருக்க வேண்டும், ஸ்வெட்டருக்கு மேல் வைத்துப் பார்த்ததால் தவறவிட்டோம், தப்பு என்னுடையது என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"கழட்டச் சொல்லியிருந்தா கழட்டியிருப்பேனுங்களே ஐயா."

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேர் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் நோட்டீஸ்கூட வந்திருக்கிறது. எதுவும் இதைப் போல உறைத்ததில்லை. அன்று நான் வெட்கப்பட்டேன், அதை உங்களிடம் சொல்வதற்கு இப்போது வெட்கமில்லை.

மெதுவாக ரத்தம் ஏற்றிக்கொண்டே ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். மயக்க மருந்து டாக்டர் கூடவே போனார். கோத்தகிரி வழியாகப் போனால் வளைவு குறைவு என்று டிரைவர் ஆசை காட்டியிருக்கிறார். அதிலும் டாக்டருக்குக் குமட்டிவிட்டது. யோகம்மாதான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாராம். மலையிறங்கும்போது யார் யாரைக் கவனித்தார்கள் என்பதில் அவர்கள் இருவருக்கும் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

அங்கே ஸ்கேன் செய்து பார்த்ததில் வால்வு மிகவும் இறுகியிருப்பது உறுதியானது. இதய அறுவைக்கு முன் கசிவைக் கொஞ்சம் அடக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இதய நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய குழு நின்றது. அதே இரண்டு பலூன் கருவிதான், ஃப்ளெக்ஸ் மட்டும் இல்லை. என்னைவிடச் சின்ன வயது டாக்டர் ஒருவர் செய்தார். கருவிக்கு உறையாக வரும் வெளிக்குழாயைப் பிடித்துக்கொள்ளும் வேலையை நான்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் முன்பு எட்டிய இடத்தை அவர் சீக்கிரமே தாண்டிப் போனார். என்னுடைய பழைய தழும்புகள் திரையில் வரிசையாக வந்தன. இன்னும் ஏழெட்டு அடி உள்ளே, ஒரு மடிப்புக்குப் பின்னால், அந்தப் புள்ளி ரத்தத்தைச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சுட்டு, ஒரு கிளிப்பையும் போட்டார். நான்கு தடவையாக நான் சுட்டதெல்லாம் என் குழாய்க்கு எட்டியவை. கசிந்ததற்கும் அவற்றுக்கும் பெரிய சம்பந்தமில்லை.

இதற்கு முன்னால் அந்தப் புள்ளிகளைச் சுட்டது யார் என்று அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஊட்டியில் ஒருத்தர் என்றேன்.

சில வாரங்கள் கழித்து, அரசுக் காப்பீட்டு அட்டையில், இறுகிய வால்வை எடுத்துவிட்டு திசுவால் செய்த வால்வு ஒன்றை வைத்தார்கள். அதன்பிறகு குடல் கசியவில்லை. அவருடைய குடலுக்குள் குழாய் விட வேண்டிய தேவையே வரவில்லை. என் துறையில் நான் பார்த்த மிக நல்ல சிகிச்சையைச் செய்தவர் ஒரு இதய அறுவை டாக்டர்.

ஊட்டிக்குத் திரும்பியதும் அந்த ஸ்டாம்பைத் தூக்கிப் போடச் சொன்னேன். அது ஆஸ்பத்திரிச் சொத்துப் பட்டியலில் இருக்கிறது, போட வேண்டுமென்றால் கமிட்டி கூட வேண்டும் என்றது அலுவலகம். கமிட்டி அமைத்தார்கள். நான் ஓய்வு பெற்றபோதும் அது இன்னும் கூடவில்லை. சிஸ்டர் ஸ்டாம்பை ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டி, சாவியை எங்கேயோ மறந்து வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்து அந்த ஆஸ்பத்திரியில் நடந்த மிகச் சிறந்த மறதி அது. நீங்கள் இப்போது கணினியில் எழுதுகிறீர்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் போன தடவை எழுதியதெல்லாம் இந்தத் தடவைக்கும் வந்துவிடுகிறது என்று, நான் எட்டிப் பார்க்க வந்தபோது பெருமையாகக் காட்டினீர்கள். பார்த்ததும் எனக்கு ஊதா மையின் வாசனை வந்தது.

திரையும் ஹீட்டரும் நான்கு வெந்நீர்ப் பைகளும் வாங்கினோம். வரிசை நீண்டது. டாக்டருக்கு வயசாகிவிட்டது, கை மெதுவாகிவிட்டது என்று ஊர் ஓரத்துக் காந்தல்வரை பேச்சு போனது. இருந்த கடைசி இரண்டு வருஷத்தில் ஸ்வெட்டருக்கு அடியில் வேறு மூன்று பேருடைய வால்வுகளைக் கேட்டேன். அதற்கு முன் இருபத்துநான்கு வருஷத்தில் எத்தனை பேரைக் கேட்காமல் விட்டேன் என்பதை நான் எண்ணிப் பார்ப்பதில்லை. தூக்கம் வராது.

அறுவை முடிந்து எட்டு மாதம் கழித்து யோகம்மா வந்தார். நடுவில் எஸ்டேட்டில் லீவை நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். மேட்டு மலையில் ஏற வேண்டாம் என்று நர்சரியில் நாற்றுப் பை நிரப்பும் வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். அதற்கு, உடம்பு வேலைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அது கிடைத்தால் வீடு இருக்கும், பிள்ளையின் படிப்பும் இருக்கும்.

நான் ஒன்றும் சொல்வதற்குள் அவரே திரையை இழுத்துவிட்டுச் சால்வையை மடித்து வைத்தார். பிறகு கையில்லாத ஸ்வெட்டர், பிறகு கைவைத்த ஸ்வெட்டர், பிறகு சட்டையின் பொத்தான்கள். ஒவ்வொன்றையும் நிதானமாகக் கழற்றி நாற்காலியில் போட்டார். வெளியே யாரோ இருமி அவசரப்படுத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. நான் ஸ்டெதஸ்கோப்பை வெந்நீர்ப் பையில் அழுத்திச் சூடாக்கி, மார்பின் நடுவிலிருந்த நீளத் தழும்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ரம்பம் இல்லை. இரண்டு ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுத்தமாகக் கேட்டன. கழுத்திலும் கேட்டேன், முதுகிலும் கேட்டேன், நாடியையும் பிடித்துப் பார்த்தேன். அவசியத்தைவிட அதிக நேரம் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

பழக்கத்தில் என் கை மேஜை ஓரத்தில் ஸ்டாம்பைத் துழாவியது. சிஸ்டர் தொண்டையைச் செருமினார். பேனாவை எடுத்து எழுதினேன். எட்டு வரி வந்தது. கேட்டதை, தொட்டதை, தழும்பை, புது வால்வின் ஒலியை, மலம் இப்போது கருப்பாக இல்லை என்பதை, நர்சரி வேலை செய்யலாம் என்பதை எழுதினேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னார். முதலிலிருந்து கடைசிவரை தமிழில் வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு காகிதத்தை வாங்கி நான்காக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பொத்தான் மாட்டினார்.

"முன்ன குடுத்த காயிதமெல்லாம் வேற யாருக்கோ எழுதின மாதிரி இருந்துச்சுங்க," என்றார். "இதுதாங்க எனக்கு எழுதினது."